கல்லில் இருந்த ஆந்தை

எங்கள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். விரிப்பை மைக்கறையோடு அனுப்பினால் பெரிய டாக்டரையே நிற்க வைத்துக் கேட்பாள். அப்பேர்ப்பட்டவள் வருஷத்துக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, வாயே திறக்காமல் மலையேறுவாள். உச்சியில், கிளர்ச்சியில் செத்தவர்களுக்கு வைத்த நினைவுக்கல் இருக்கிறது. அதில் பதினேழாவது வரி ‘ஆந்தை’. அதுதான் அவள் தம்பி. மலையில் யாரும் சொந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ளக் கூடாதாம். ராக்காவல் இருந்தவனை ஆந்தை என்றார்கள். தம்பி அனுப்பிய ஒரே துண்டுச்சீட்டில், ‘இங்கே என் பேர் ஆந்தை, சிரிக்காதே’ என்று எழுதியிருந்தான்.

உடல் கிடைக்கவில்லை. முப்பது வருஷமாக அந்த வரியைத்தான் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வந்தாள். தன் முழங்கால் முட்டி அடியோடு போவதற்குள் அதற்குக் கீழே அவனுடைய சொந்தப் பெயரையும் வெட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. கல் வைத்த கமிட்டிக்கு மனுப் போட்டுப் போட்டு அலுத்த பிறகு, சாட்சி சொல்ல ஒருவரை அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் மலையில் இருந்த பெரியவர். துணைக்கு நானும் போனேன், என் போதாத காலம்.

பெரியவர் கல்லைத் தடவிப் பார்த்தார்.

“உங்க தம்பி எப்பம்மா மலைக்கு வந்தான்?”

“மழை விட்ட பிறகுங்க. ஆறு வடிஞ்சுதான் கிளம்பினான்.”

அவர் கல்லிலிருந்து கையை எடுத்தார்.

“கல்லுல செத்த வரிசையிலதான் வெட்டியிருக்கு. இந்த ஆந்தை மழைக்கு முன்னாடியே செத்துட்டான்மா. காவலுக்கு யார் வந்தாலும் அதே பேருதான். உங்க தம்பி அடுத்த ஆந்தை. நல்ல பையன்.”

“அப்போ அவன் பேரு எங்க?”

“பட்டியல் எழுதினவங்க, ஆந்தைன்னு ரெண்டு தடவை இருக்கவும், தவறுதலா வந்திருக்குன்னு ஒண்ணை அடிச்சிட்டாங்க.”

“இப்ப சேர்க்கச் சொல்லுங்களேன்.”

“ரெண்டு சாட்சி வேணுமாம். மிச்சம் இருக்கறது நான் ஒருத்தன்தான்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் பட்டியல் எழுதினவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அக்கா திட்டவில்லை. இறங்கும்போது பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள்.

“முப்பது வருஷமா யாரோ பெத்த பிள்ளையைத் துடைச்சிருக்கேன்டி.”

அவள் பக்கத்திலேயே நானும் உட்கார்ந்தேன்.

இந்த வருஷம் அந்த நாளில் அக்கா வேலைக்கு வந்திருந்தாள். சும்மா இருந்திருக்கலாம், “லீவு போடலையாக்கா?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

அவள் விரிப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அங்க எனக்கு யாருடி இருக்கா?”