வார்னிஷ் அடித்த சர்டிபிகேட்

எழுபதுகளின் தொடக்கத்தில், அந்தமானில், மாயாபந்தரில் நடந்தது இது. அப்பா ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஜெட்டிக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டுப் படகு கட்டுவார், பழுது பார்ப்பார். ஊருக்கெல்லாம் அவர் மிஸ்திரி. நான் போர்ட் பிளேரில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, அமெரிக்காவில் மேல்படிப்புக்கு இடமும் உதவித்தொகையும் வாங்கியிருந்தேன். பாக்கி இருந்தது மதராஸில் விசா இன்டர்வியூ மட்டும்தான்.

இன்டர்வியூ கடிதம் கப்பலேறி எங்கள் கைக்கு வருவதற்குள் நாள் ஓடிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போர்ட் பிளேர் படகைப் பிடித்தால்தான் அங்கே ஞாயிறு காலை மதராஸ் கப்பலில் ஏற முடியும். அதை விட்டால் அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. சான்றிதழ்களின் நகல்களை டைப் செய்து, கெஜட்டட் ஆபீசரிடம் ஒரிஜினலைக் காட்டி, அவற்றில் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். போர்ட் பிளேரில் வாங்கிக்கொள்ளலாம் என்றால் நான் போய்ச் சேரும் சனிக்கிழமை பிற்பகலில் ஆபீஸ் பூட்டியிருக்கும். மதராஸில் என்னை யாருக்குத் தெரியும்? ஆகவே மாயாபந்தரிலேயே முடித்தாக வேண்டும்.

நகல்களை டைப் செய்து வைத்துவிட்டு, அக்காவிடம் சொல்லிக்கொண்டு வர திக்லிபூர் போனேன். வியாழக்கிழமை திரும்பி வந்து பார்த்தால், அப்பாவின் கொட்டகையில் கயிறு கட்டி என் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் வரிசையாகத் தொங்குகின்றன. எல்லாம் தேன் நிறத்தில் பளபளவென்று இருந்தன. கிட்டப் போனதும் வார்னிஷ் வாசனை மூக்கில் ஏறியது.

"பெட்டியைத் தொறந்தேன்யா, ஓரமெல்லாம் பச்சையாப் பூசணம் புடிச்சிருந்துச்சு. தொடச்சுட்டு ரெண்டு கோட் அடிச்சேன். படகே பத்து வருசம் தாங்குது, காயிதம் தாங்காதா?" என்றார். முகத்தில் அவ்வளவு பெருமை.

எனக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வந்தது. அந்த ஊர் ஈரத்தில் செருப்பு, பெல்ட், புத்தகம் எதுவுமே பூசணத்துக்குத் தப்பாது என்பது எனக்கும் தெரியும்தான். ஆனால் அப்போது அதெல்லாம் நினைவுக்கு வரவில்லை. என்னென்ன வார்த்தை சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன். அக்கம்பக்கத்து பெங்காலிக் குடும்பங்கள் வாசலுக்கு வந்து நின்று பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அப்பா தாள்களை ஒவ்வொன்றாகக் கயிற்றிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை ஆபீசுக்குப் புறப்பட்டபோது, தானே விளக்கிச் சொல்வதாக அவரும் கூட வந்தார். வர வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்தார்.

ஆபீசர் ஒரு சர்டிபிகேட்டை விரல் நுனியில் தூக்கிப் பார்த்தார். இது காகிதமா, மேஜையா என்று இந்தியில் கேட்டார். குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். "அச்சா வார்னிஷ் ஹை, சாப். பானி நஹி லகேகா" என்று, நல்ல வார்னிஷ், தண்ணீர் படாது என்பதை அப்பா ஆர்வமாகச் சொல்லத் தொடங்கினார். சிரிப்பு இன்னும் பெரிதானது. அவர்கள் மேல் வர வேண்டிய கோபமும் எனக்கு அப்பா மேல்தான் வந்தது.

எழுத்தைத் திருத்திவிட்டு மேலே வார்னிஷ் பூசியிருந்தால் தனக்கு எப்படித் தெரியும் என்று ஆபீசர் முத்திரை வைக்க மறுத்தார். அரை மணி நேரம் கெஞ்சினேன். கடைசியில், சேதப்படுத்தியவர் ஒப்புக்கொண்டு எழுத்தில் விளக்கம் கொடுத்தால் அதைக் கோப்பில் வைத்துக்கொண்டு நகல்களில் கையெழுத்துப் போடுவதாக இறங்கி வந்தார்.

நான் அங்கேயே உட்கார்ந்து அப்பா சொல்வதுபோல் ஆங்கிலத்தில் எழுதினேன். தவறுதலாகச் செய்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதினால் போதும், ஆபீசர் கேட்டதும் அவ்வளவுதான். நான் எப்படி எழுதினேன் தெரியுமா? "நான் எழுதப் படிக்கத் தெரியாதவன், அறிவில்லாதவன், என் அறியாமையால் மகனின் சான்றிதழ்களைப் பாழாக்கினேன்." முந்தின நாள் கத்தியது போதாதென்று மிச்சத்தைத் தாளில் கொட்டினேன்.

அப்பா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ்ப் பேப்பர் கப்பலில் வந்தால் பழையதானாலும் ஒரு வரி விடாமல் படிப்பார். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. பேனாவை வாங்கி, இனிஷியலோடு முழுப்பெயரையும் நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆபீசர் படித்துவிட்டு நிமிர்ந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவன் என்று எழுதியிருக்கிறது, கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, எது பொய் என்று அப்பாவுக்கும் புரிகிற மாதிரி இந்தியிலேயே கேட்டார். கையெழுத்தை அடித்துவிட்டுக் கைநாட்டு வைக்கச் சொன்னார்.

"சைன் ஆத்தா ஹை, சாப்" என்றார் அப்பா, மெதுவாக. கையெழுத்துப் போடத் தெரியும் என்று. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

எழுதப் படிக்கத் தெரியாதவன் என்பதை நான் அடித்திருக்கலாம். இல்லையென்றால் வேறு தாள் வாங்கி இரண்டே வரியில் எழுதியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குப் படகு நினைவுதான். "வைங்கப்பா, நேரமாவுது" என்றேன்.

தன் பெயரின் மேல் தானே கோடு இழுத்தார். பெருவிரலை மைப்பெட்டியில் அழுத்தி, பக்கத்தில் வைத்தார். முத்திரைகள் படபடவென்று விழுந்தன. வெளியே வந்ததும் விரலை எதிலும் துடைக்காமல் தள்ளிப் பிடித்துக்கொண்டே நடந்தார். "நேரத்தோட சாப்டுட்டுக் கெளம்புய்யா" என்றார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்போதும் எனக்குக் கோபம் தீரவில்லை, அதுதான் கொடுமை.

மதராஸில் இன்டர்வியூ பத்து நிமிடத்தில் முடிந்தது. நகல்களை ஒரு புரட்டுப் புரட்டினார்கள். ஒரிஜினலைக் கேட்கவே இல்லை. விசா கிடைத்தது.

அமெரிக்காவில் இருந்த வருடங்களில் அப்பா எனக்கு மாதம் ஒரு கடிதம் எழுதினார். மழை, படகு வேலை, அக்கா பிள்ளைகள் என்று எல்லாம் இருக்கும். ஒரு வார்த்தை குறையாகச் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் "இப்படிக்கு அப்பா" என்று இருக்காது. இனிஷியலோடு முழுப்பெயரையும் எழுதி, கீழே ஒரு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டிருப்பார். எனக்கு இப்போதும் யார் மேலாவது ஆத்திரம் வந்தால் அந்தக் கையெழுத்துதான் கண் முன்னால் வருகிறது. உடனே எதிராளியை விட்டுவிட்டு என்னையே திட்டிக்கொள்கிறேன்.