விறைப்பு என்று எழுதியவள் நான்

போன சனிக்கிழமை, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சிறிய மண்டபம். மூட்டுவாத ஆராய்ச்சியில் பயிற்சி பெறும் இளம் டொக்டர்கள் எட்டுப் பேர் தங்கள் முதல் ஆய்வின் முடிவுகளைச் சொல்ல வேண்டிய நாள். சிறப்பாகச் செய்த ஒருவருக்கு வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் இடம் கிடைக்கும்.

ஐந்தாவதாக ஷாலினி எழும்பினாள். திரையில் ஒன்றும் வரவில்லை.

"நான் இண்டைக்கு முடிவுகளைக் காட்டப் போறதில்ல. என்ட கேள்வி பிழை. அதனால பதில்களும் பிழை."

ஆங்கிலத்தில்தான் சொன்னாள். எனக்குத் தமிழில்தான் கேட்டது. ஏனென்றால்... கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நான்தான் அந்தக் கேள்வியைத் தமிழில் எழுதியவள்.

ஷாலினி ஜிந்துப்பிட்டியில் வளர்ந்த பிள்ளை. என் மகளோடு ஒன்றாகப் படித்தவள். முகத்துவாரத்தில் மீன் வெட்டிக் கருவாடு போடும் பெண்களின் கை மூட்டுகளைப் பற்றியது அவளுடைய ஆய்வு. மூட்டுவாதத்தை நேரத்தோடு கண்டுபிடித்தால் விரல்களைக் காப்பாற்றலாம். பிந்தினால் முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

கேள்விகள் ஆங்கிலத்தில் இருந்தன. மொழிபெயர்த்துத் தரச் சொல்லி என்னிடம் வந்தாள். எனக்குப் பெருமை — மருத்துவத்துக்கு நானும் ஏதோ செய்கிறேனே! 'காலையில் மூட்டுகளில் விறைப்பு உண்டா? எவ்வளவு நேரம்?' என்று எழுதிக் கொடுத்தேன். 'ஸ்டிஃப்னஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் விறைப்பு என்று போட்டேன். நீண்ட நேரம் என்பவர்களை இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். இல்லை என்றால் அனுப்பமாட்டார்கள்.

"அன்ட்டி, முதல்ல ஒரு நாலு பேரிட்ட வாசிச்சுப் பார்ப்பமா?" என்று கேட்டாள். கேட்டாள்தான்.

"இதில விளங்காம என்ன இருக்கு? நல்ல தமிழ்தானே," என்றேன்.

அந்த ஊர்ப் பெண்களில் ஒருவர் பிலோமினா அக்கா. முதல் தடவை கேட்டபோது விறைப்பு இல்லை என்றார். ஷாலினி 'இல்லை' என்று குறித்துக்கொண்டாள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் போனபோதும் அதே பதில். ஆனால் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டியபோது அவரால் அதைப் பிடிக்க முடியவில்லை.

"கொஞ்சம் பொறுங்க டொக்டர். காலையில விரல் மடங்காது. பத்து மணியாகோணும்."

"இப்பதானே அக்கா, விறைப்பு இல்லையெண்டு சொன்னீங்க?"

"விறைச்சா ஒண்டும் தெரியாதே! கிள்ளினாலும் தெரியாது. எனக்கு உயிர் போற மாதிரி நோகுது. இத எப்பிடி விறைப்பெண்டு சொல்ற?"

ஷாலினி அங்கிருந்தே எனக்கு ஃபோன் எடுத்தாள். அவள் சொல்லி முடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஐஸில் கை வைத்தால் நாங்கள் என்ன சொல்கிறோம்? விறைச்சுப் போச்சு. பல்லுக்கு ஊசி போட்டால்? வாய் விறைச்சுப் போச்சு. உணர்வில்லாமல் மரத்துப்போவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். என் வாயிலும் தினமும் வருகிற சொல்தான். பேனா எடுத்தவுடன் எப்படி மறந்தேன்?

அந்த ஆறு மாதத்தில் பிலோமினா அக்காவின் இரண்டு விரல்கள் வளைந்துவிட்டன.

கூடப் படிக்கும் ஒருவர் ஷாலினிக்கு ஒரு வழி சொன்னாராம். அறிக்கையின் கடைசியில் 'மொழிச் சிக்கல்' என்று ஒரு வரி போட்டுவிடு, யாரும் கேட்கமாட்டார்கள் என்று. உண்மையைச் சொல்கிறேன்... அந்த ஒரு வரியோடு விஷயம் முடிந்துவிடாதா என்று நானும் ஆசைப்பட்டேன். அவளுக்காக என்று சொல்லிக்கொண்டேன். எனக்காகத்தான்.

மண்டபத்தில் அவள் என் பெயரைச் சொல்லவில்லை. 'என்ட கேள்வி' என்றே சொன்னாள். பொறுக்க முடியாமல் எழுந்து, "மொழிபெயர்த்தது நான். சோதித்துப் பார்க்கத் தேவையில்லை என்று சொன்னதும் நான்," என்றேன். ஷாலினியின் பேராசிரியர் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "இல்லை என்று சொன்னவர்கள் எத்தனை பேரைத் திரும்பப் பார்க்கப் போகிறாய்?"

"எல்லாரையும், மேடம்."

வெளிநாட்டு இடம் இன்னொருவருக்குப் போனது. அவரும் கெட்டிக்காரர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றபோதுதான் ஷாலினி அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன்.

திங்கட்கிழமை இருவரும் முகத்துவாரத்துக்குப் போனோம். பிலோமினா அக்கா மருந்து தொடங்கிவிட்டார். வளைந்த இரண்டும் இனி நிமிராது, மற்ற விரல்களைக் காப்பாற்றலாம் என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

"இப்ப என்ன கேள்வி? கேளுங்க."

ஷாலினி புதிதாக எழுதியதை வாசித்தாள். "காலையில எழும்பினவுடன விரலை மடக்க ஏலாம இருக்கா? எவ்வளவு நேரத்துக்கு?"

"ஓம். இதத்தானே அண்டைக்கே கேட்டிருக்கோணும்," என்றவர், செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினார். "எங்கட லேன்ல இன்னும் ரெண்டு பேர் இப்பிடித்தான் இல்லையெண்டு சொன்னவங்க. வாங்க, காட்டுறன்."

இரண்டு பேரும் அவருக்குப் பின்னால் போனோம். அன்று எனக்கு எழுதுகிற வேலை இல்லை — கேட்கிற வேலை மட்டும்தான்.