நல்லதம்பி சிலந்திக்குக் கட்டிய வீடு

அந்தமானில் போர்ட் பிளேருக்கும் பெரார்கஞ்சுக்கும் இடையே ஓடும் அரசு பஸ்ஸை நல்லதம்பி ஓட்டுகிறார் என்றால் சனங்கள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வருவார்கள். அடைமழையில் மண் சரிந்த வளைவிலும் அவர் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட மனிதருக்குச் சிலந்தி என்றால் உயிரே போய்விடும் என்பது அவர் மனைவி இந்திராணிக்கு மட்டுந்தான் தெரியும்.

அவருடைய அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள். சின்ன வயதில் ஒருநாள் அம்மாவோடு ரப்பர்ப்பால் எடுக்கப் போனார். பால் வடிய மரத்தில் கட்டியிருந்த சிரட்டை ஒன்றைக் கழற்றியபோது அதன் பின்னாலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி கை வழியாக ஏறிச் சட்டைக்குள் போய்விட்டது. கத்திக்கொண்டு ஓடியவர் சரிவில் உருண்டு இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். சிலந்தி கடிக்கவில்லை. ஆனால் முதுகில் அது நடந்து போனதைத் தன் தோல் இன்னும் மறக்கவில்லை என்பார். அதற்குப் பிறகு ரப்பர் மரத்தின் பக்கமே போகவில்லை. டிரைவர் வேலைக்கு வந்ததற்கும் அதுதான் காரணம்.

போன வருஷம் மழை தொடங்கிய வாரம் அவர் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தபோது இந்திராணி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஏங்க, உள்ள வர்றதுக்கு முந்தி நான் சொல்றதக் கேளுங்க. கோவப்படக் கூடாது."

"என்னா புள்ள? யாருக்கும் ஏதும் ஆச்சா?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க. பின்னால தேங்காமட்டையெல்லாம் அள்ளிப் போட்டனா, அதுக்குள்ள இருந்து ஒண்ணு வந்திச்சு. பயத்துல மம்பட்டியால ஒரே போடு போட்டேன். ரெண்டு காலு போயிருச்சு. சாகல்ல."

என்ன வந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்துவிட்டது. 

"எங்க இருக்கு?"

"அடுப்படியில. ஊறுகா ஜாடியில போட்டுத் தட்டு வச்சு மூடியிருக்கேன்."

"அரே, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? கொன்னுட்டுப் போகாம வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்க?"

"ரெண்டாவது அடி போடத்தான் மம்பட்டியத் தூக்கினேன். அது ஒடஞ்ச ஒடம்ப இழுத்துக்கிட்டுப் போகுதுங்க. அதுக்குள்ள எறும்பு வந்து மொய்க்குது. பாத்துட்டு நிக்க முடியல்ல. நான்தானே ஒடச்சேன்."

இந்திராணி பிடிவாதக்காரி இல்லை. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து மெயின்லேண்டுக்கு அனுப்பிய பிறகு எதற்குமே வாய் திறந்து கேட்காதவர். அதனால்தான் நல்லதம்பியால் சட்டென்று மறுக்க முடியவில்லை. அன்றைக்கு வாசல் படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அடுப்படிப் பக்கம் திரும்பவே இல்லை.

விடிந்ததும் இந்திராணி அலறினார். ஜாடியின் மேலிருந்த தட்டு ஒரு விரல் அகலத்துக்கு விலகியிருந்தது. இடுக்கில் கறுப்பாக, ரோமம் அடர்ந்த இரண்டு கால்கள் வெளியே நீண்டு காற்றைத் தொட்டுக்கொண்டிருந்தன. இந்திராணி கரண்டியால் தட்டைத் தள்ளி மூடினார். நல்லதம்பி வெளிவாசலைத் தாண்டி ரோட்டிலேயே போய் நின்றுவிட்டார். 

அங்கே நின்றபடிதான் அவர் யோசித்தார். இவள் அதை விடப்போவதில்லை. ஜாடியிலிருந்து அது ஒருநாள் வெளியே வரும். தன் தலையணையில் ஏறும். அப்படியானால் அது வெளியே வரவே முடியாத ஒரு வீடு வேண்டும். அதைத் தானே பார்த்துப் பார்த்துக் கட்டினால்தான் தனக்குத் தூக்கம் வரும்.

அபர்தீன் பஜாரில் மீன்தொட்டி விற்கும் சுதாகர் அவருக்குப் பழக்கம். ராமநாதபுரத்துக்காரன், தினமும் அவர் பஸ்ஸில் வருகிறவன். மதிய டிரிப்புக்கு முன்னால் கடைக்குப் போனார்.

"தம்பி, ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வேணும். மூடி தகரத்துல போடணும். ஒரு ஊசி ஓட்ட கூட இருக்கக் கூடாது."

"எதுக்குண்ணே, பாம்பு வளக்கப் போறீகளா?"

நல்லதம்பி குரலைத் தாழ்த்திச் சொன்னார்.  சுதாகர் சிரிக்கவில்லை. போனில் ஒரு படத்தைக் காட்டி, "இந்த மாதிரியா?" என்றான். நல்லதம்பி ஒரு கண்ணால் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"டாரன்டுலாண்ணே. நீங்க சொல்ற தொட்டியில வச்சா நாலு நாள்ல செத்துரும். இது மண்ணுல பொந்து போட்டு இருக்கிற சாதி. உசரம் ஆகாது. கண்ணாடியில ஏறி மேலருந்து விழுந்துச்சுன்னா வயிறு தண்ணிப் பலூன் மாதிரி வெடிச்சிரும். காத்தும் வேணும். நம்ம ஊரு ஈரத்துக்குக் காத்து இல்லன்னா பூஞ்ச புடிச்சிரும்."

"காத்துக்கு ஓட்ட போட்டா அது வெளிய வந்துருமே?"

"அதோட தல நொழையாத அளவுக்குப் போட்டாப் போதும். அது உங்களத் தேடியெல்லாம் வராதுண்ணே. ஆளக் கண்டாலே ஒளியத்தான் பாக்கும்."

இந்தக் கடைசிப் பேச்சை நல்லதம்பி நம்பவில்லை. ஆனாலும் ஒழுகுகிறதென்று சுதாகர் ஓரம் கட்டியிருந்த ஒரு குட்டைத் தொட்டியை பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தார்.

விடுமுறை நாளில் வேலை தொடங்கியது. அடியில் அரைத் தொட்டிக்கு ஈரமண்ணும் தேங்காய் நாரும் கலந்து அழுத்தினார். மண்ணை முதலில் வெயிலில் பரப்பி எறும்பு இல்லாமல் பார்த்துக்கொண்டார். உடைந்த சட்டி ஒன்றைக் குப்புறப் புதைத்து, அதன் கீழே விரலால் சின்னப் பொந்து ஒன்றைத் தொடங்கி வைத்தார். தண்ணீருக்கு ஒரு சோடா மூடி. மேலே கம்பிவலை அடித்த மரச்சட்டம், இரண்டு பக்கமும் கொண்டி. செய்யும்போது தேவையில்லாமல் திரும்பித் திரும்பி ஜாடியைப் பார்த்துக்கொண்டார். காற்றில் நார் பறந்து கழுத்தில் பட்டபோது சுத்தியலைப் போட்டுவிட்டுக் குதித்தார்.

தொட்டியை மேஜைமேல் வைத்தாயிற்று; இனி சிலந்தியை அதற்குள் விடவேண்டும். ஜாடியைத் தொட்டிக்குள் படுக்க வைத்துத் தட்டை எடுத்துவிட்டால் தானாக வெளியே நடந்து வரும் என்று சுதாகர் சொல்லியிருந்தான். இந்திராணி ஜாடியைத் தூக்கினார். நல்லதம்பி விளக்குமாறோடு கதவோரம் நின்றார்.

ஜாடியின் வெளிப்பக்கம் ஈரமாக இருந்தது. சாய்க்கும்போது கையிலிருந்து வழுக்கியது. தட்டு விழுந்த சத்தம் கேட்டது. அடுத்த நொடி சிலந்தி இந்திராணியின் முழங்கையில் இருந்தது. அதற்கடுத்த நொடி தோளைத் தாண்டி முதுகுப் பக்கம் போய்விட்டது.

இத்தனை நாள் தைரியமாக இருந்த இந்திராணி கல்லாகிவிட்டார். உதடு மட்டும் அசைந்தது.

"ஏங்க... எங்க இருக்கு? எனக்குத் தெரியல்ல. எங்க இருக்கு?"

அது அவருடைய ரவிக்கைக் கழுத்துக்குக் கீழே, முதுகின் நடுவில் ஆறு கால்களையும் விரித்து அப்பிக்கொண்டிருந்தது.  நல்லதம்பிக்குத் தன்னுடைய முதுகே குறுகுறுத்தது. கதவு கைக்கெட்டும் தூரத்தில் திறந்திருந்தது.

"ஏங்க, உதறிரட்டுமா?"

"உதறாத!" என்று கத்திவிட்டார். "விழுந்தா வெடிச்சிரும். அசையாத. அப்பிடியே நில்லு."

ஏன் அப்படிக் கத்தினார் என்று அவருக்கே தெரியவில்லை. விளக்குமாற்றைப் போட்டார். மேஜை மேலிருந்த தன் டிபன் டப்பாவைத் திறந்து எடுத்தார். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவினார். ஒவ்வொரு அடியும் சேற்றில் வைப்பதுபோல் இருந்தது. பக்கத்தில் போனபோது அதன் ரோமம் தெரிந்தது, வெட்டுப்பட்ட கால்களின் மொட்டை முனைகள் தெரிந்தன. டப்பாவை அதற்கு முன்னால் முதுகோடு ஒட்டிப் பிடித்தார். கை நடுங்கி டப்பா இந்திராணியின் தோளில் டக்டக்கென்று தட்டியது.

"என்னங்க பண்றீங்க?"

"பேசாத புள்ள."

ஈர்க்கால் பின்பக்கம் மெல்லத் தொட்டார். அது நகரவில்லை. மறுபடி தொட்டார். ஒரு கால் எழுந்தது. பிறகு இன்னொன்று. தயங்கித் தயங்கி டப்பாவுக்குள் அது நடந்து போனபோது அதன் கனம் அவர் விரலுக்குத் தெரிந்தது. ஒரு சின்னப் பழத்தின் கனம். டப்பாவைத் தொட்டிக்குள் இறக்கி மூடியைச் சாத்திக் கொண்டி போட்டார். பிறகு கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தார். உதட்டைக் கடித்திருந்ததில் ரத்தம் வந்திருந்தது. இந்திராணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார்.

சிலந்தி சட்டிக்குக் கீழே பொந்து தோண்டிப் போய்விட்டது. பல நாள் வெளியே வரவில்லை. இது நல்லதம்பிக்கு இன்னும் மோசமாக இருந்தது. உள்ளேதான் இருக்கிறதா என்று வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் டார்ச் அடித்துப் பார்த்தார். டிப்போவில் பிடித்த கரப்பான்பூச்சிகளைக் கொண்டுவந்து இந்திராணியிடம் கொடுப்பார். இந்திராணி போட்ட பூச்சி மறுநாள் இருக்காது. அப்போதுதான் சிலந்தி உள்ளே இருக்கிறதென்று மூச்சு வரும்.

மழை விட்ட பிறகு வந்த மாதங்களில் அது சாப்பிடுவதை நிறுத்தியது. ஒருநாள் இந்திராணி பிரஷர் காட்ட போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நல்லதம்பிக்கு லீவு. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். சிலந்தி பொந்துக்கு வெளியே மல்லாந்து கிடந்தது. கால்கள் மேலே மடங்கியிருந்தன.

இவ்வளவு நாள் இதைத்தானே வேண்டினோம் என்று நினைத்தார்.  ஆனால் இந்திராணி வந்து கேட்டால் என்ன சொல்வது? சுதாகருக்குப் போன் போட்டார்.

"தம்பி, அது போயிருச்சு. மல்லாந்து கெடக்கு."

"மல்லாந்தா? அண்ணே, தொடாதீங்க! தொட்டியக்கூட ஆட்டாதீங்க. சட்ட உரிக்குது. இப்ப ஒடம்பு பூப்போல இருக்கும், ஒரு எறும்பு போதும் கொல்ல. காவலுக்கு இருங்க."

நல்லதம்பி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். எறும்பு ஏறாமலிருக்க மேஜைக் கால் நான்கையும் சுற்றி மஞ்சள்தூள் தூவினார். மின்விசிறியை நிறுத்தினார். அது மூச்சுவிடுகிறதா என்று கண்ணாடியில் நெற்றி படும்படி குனிந்து பார்த்தார். அத்தனை பக்கத்தில் அவர் எந்தச் சிலந்தியையும் பார்த்ததில்லை. வியர்வை வழிந்தது. செத்துவிடுமோ என்ற பயமா, எழுந்துவிடுமோ என்ற பயமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இந்திராணி வந்தபோது பழைய தோல் ஒரு பக்கம் கிடந்தது. அதன் அருகே வெளிறிப்போன சிலந்தி புரண்டு படுத்திருந்தது. வெட்டுப்பட்ட இடங்களில் நூல்போல இரண்டு குட்டைக் கால்கள்.

"எட்டும் இருக்கு பாருங்க!" என்று இந்திராணி வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "இது நல்லா தேறினதும் காட்டோரமா விட்டுருவமா? நான் செஞ்சது சரியாயிருச்சில்ல" என்றார்.

நல்லதம்பி வேகமாக மறுத்துத் தலையாட்டினார்.

"வேணாம் புள்ள. வெளிய விட்டா இது எங்க இருக்குன்னு நான் ஊரெல்லாம் பயப்படணும். இங்கயே இருக்கட்டும். உனக்கு முடியாத நாள்ல கரப்பான்பூச்சிய நானே போட்டுக்கிறேன். நீளமான இடுக்கி ஒண்ணு மட்டும் வாங்கித் தா."