காது உடைத்த கேசட்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில். குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை பார்ப்பவனுக்குப் பகல்தான் ராத்திரி.

கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். உருப்படியாகச் செய்தது ஒன்றுதான்: ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்னும் இசை. பழைய டிரம்ஸ் அடி ஒன்றைக் கணினியில் துண்டு துண்டாக வெட்டி, வேகத்தை ஏற்றி, இடம் மாற்றி ஒட்டுவது. கீழே வயிற்றைக் கலக்கும் பேஸ். எங்கள் ஊரில் இதைச் செய்பவன் நான் ஒருத்தன்தான். அந்தத் திமிரில்தான் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அதை அக்கா புருஷன் வந்து உடைத்தார். ரேடியோ ரிப்பேர் கடையைக் காலி செய்கிறார்கள் என்று போய், ஒரு பழைய டேப் டெக்கையும் ஒரு பை கேசட்டையும் அள்ளி வந்திருந்தார். கேசட்டுகளுக்கு ஜெராக்ஸ் எடுத்த அட்டை. பாட்டைச் செய்தவன் பெயர் 'கரடி' என்று போட்டிருந்தது. கீழே எங்கள் ஊர்.

"மாப்ள, நீ போடுற டப்பு டப்பு மாதிரியே இருக்கு. ஆனா இது நல்லா இருக்கு."

"எப்ப வந்ததாம்?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியாம்."

சமையலறையில் அக்கா தலையாட்டிக்கொண்டிருந்தாள். என் பாட்டுக்கு அவள் ஒருநாளும் தலையாட்டியதில்லை.

ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாமே நன்றாக இருந்தன. வயிறு எரிந்தது. கடைசிக் கேசட்டைக் கேட்கப் பிடிக்கவில்லை. அதை அழித்து, அதன்மேல் என் பாட்டைப் பதிய முடிவு செய்தேன்.

மறுநாள் பகல் 12:10. வீட்டில் யாரும் இல்லை. ஜன்னலில் கறுப்புத் துணி. யாரும் அழித்துவிடக் கூடாதென்று கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதையும் கரடி உடைத்து வைத்திருந்தான். அந்த ஓட்டைகளின்மேல் செலோடேப் ஒட்டினால் போதும், பதியலாம். ஒட்டினேன். ரெக்கார்டை அழுத்தினேன். யாருக்கும் இன்னும் போட்டுக் காட்டாத என் புதுப் பாட்டு கணினியிலிருந்து ஓடி முடிந்தது.

12:17. பின்னால் ஓட்டிக் கேட்டேன்.

என் பாட்டுதான்.

ஆனால்... ஸ்நேர் டிரம்மின் அடி நான் வைத்த இடத்தில் விழவில்லை. ஒரு மயிரிழை தாமதம். அந்தத் தாமதத்தில் பாட்டு ஆடியது. கணினியில் பார்த்தேன். அங்கே அடி பழைய இடத்திலேயே இருந்தது.

கேசட்டைத் திருப்பி, மறுபக்கத்தில் அதே பாட்டைப் பதிந்தேன். கேட்டேன்.

இப்போது பேஸும் மாறியிருந்தது. இன்னும் நன்றாக.

பயம் வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது.

"எவன்டா நீ?"

சர்ர்ர்ர்...

ஸ்பீக்கரில் ஒரு இருமல்.

"வவ்வாலு..."

கிடங்கில் மட்டும் என்னைக் கூப்பிடும் பெயர்.

"அவசரப்படாத. லேட்டா அடி."

பிளக்கைப் பிடுங்கினேன்.

டிக்... டிக்... டிக்...

கேசட்டின் சக்கரம் நிற்கவில்லை.

நான் எப்போது தெருவுக்கு வந்தேன் என்று தெரியாது. காலில் செருப்பு இல்லை.

சாயங்காலம் வீடு திரும்பியபோது அக்கா புருஷன் அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்ள, நீ செஞ்சதுலயே இதான்டா டாப்பு!"

என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

டெக்கைத் தூக்கிக்கொண்டு, கடையைக் காலி செய்த ரேடியோ ரிப்பேர்காரர் வீட்டுக்குப் போனேன். பதிவது கோளாறாக இருக்கிறது என்றேன். அவர் சிரித்தார்.

"இதுலயா பதிஞ்ச? நடக்காதுப்பா. இது செத்துப்போன கரடியோட டெக்கு. தூக்கக் கலக்கத்துல தன் டேப்ப தானே அழிச்சுடுவேன்னு பயந்தான். ரெக்கார்டு வயர நான்தான் வெட்டி விட்டேன்."

மூடியைக் கழற்றிக் காட்டினார். வெட்டிய இரண்டு முனைகள். மேலே கெட்டியாகப் படிந்த தூசி.

நான் எதையும் அழிக்கவில்லை. எதையும் பதியவுமில்லை. நான் கேட்டது முதலிலிருந்தே அந்தக் கேசட்டில் இருந்தது. மூன்று மாதம் மெனக்கெட்டு நான் செய்த பாட்டை, நான் பிறப்பதற்கு முன்பே ஒருவன் என்னைவிட நன்றாகச் செய்து முடித்து, என்னைப் பேர் சொல்லித் திருத்தியும் வைத்திருக்கிறான்.