சூளைக் கொட்டகையில் ஒன்றாம் வகுப்பு

யுத்த காலத்தில் ஓர் ஐப்பசி மழை, திருமுல்லைவாயிலில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் ஓடுகளைப் பாதிக்கு மேல் பெயர்த்துப் போட்டது. ஓடு மாற்றும்வரை பள்ளிக்கூடம் மூடல் என்று தலைமையாசிரியர் அறிவித்தார். பிள்ளைகள் குதித்த குதியில் மிச்ச ஓடுகளும் விழுந்திருக்கும். மத்தியானம் ஆனதும் குதி அடங்கிவிட்டது. பள்ளிக்கூடம் இல்லையென்றால் பள்ளிக்கூடத்தில் ஊற்றும் கேழ்வரகுக் கூழும் இல்லை.

அவர்களில் பெரும்பாலோர் செங்கல் சூளையில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள். மழையில் சூளை எரியாது. எரியாவிட்டால் கூலியும் கிடையாது. ஆகவே தலைமையாசிரியரை நச்சரித்து, கூழ்ப்பானையை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு சூளைத் தெருவுக்குப் போனேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மாலை போட்டு வரவேற்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

முதல் குடிசைக்காரிக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் என்னிடம் படித்தவை. தெருவே அவள் சொல்லைக் கேட்கும். பானையையும் என்னையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

“இன்னா டீச்சர் இது?”

“கூழ். பிள்ளைகளுக்கு.”

“பள்ளிக்கூடத்துல குந்தி துன்னா அது பள்ளிக்கூடம். ஊட்டாண்ட வந்து ஊத்துனா அதுக்குப் பேரு வேற. எடுத்துகினு போ டீச்சர்.”

படலைச் சாத்தினாள். தெரு முழுக்கப் படல்கள் வரிசையாகச் சாத்திக்கொண்டன. மூக்குக்கு மேல் கோபத்தோடு திரும்பினேன். பசியில் இவ்வளவு வீம்பா என்று வழி நெடுக வண்டி மாட்டிடம் பொரிந்து தள்ளினேன். அவள் சொன்னதில் நியாயம் இருப்பது பாதி வழியில் உறைத்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் பானையோடு மணியையும் வருகைப் பதிவேட்டையும் வண்டியில் ஏற்றினேன். மூடிய பள்ளிக்கூடத்துக்கு ஆஜர் எடுப்பது விதிக்கு விரோதம் என்று தலைமையாசிரியர் முனகினார். “விதிக்குப் பசிக்காது ஐயா” என்றேன். பச்சைச் செங்கல் காயவைக்கும் கொட்டகையில் நின்று மணியை அடித்தேன். பிள்ளைகள் சிலேட்டுப் பலகையோடு ஓடிவந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். முதலில் ஆஜர், அப்புறம் வாய்ப்பாடு, அதற்கப்புறம்தான் கூழ். ஒரு படலும் சாத்திக்கொள்ளவில்லை. இடுப்புக் குழந்தைகள்கூட ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தன. ஒருவன் பதிவேட்டின் மேலேயே ஒன்றுக்குப் போனான். அவனுக்கும் ஆஜர் போட்டேன்.

மூன்றாம் நாள், அந்த முதல் குடிசைக்காரியின் மூத்த பெண் பாதிக் கூழைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.

“அதற்குள் வயிறு நிறைந்துவிட்டதா?” என்று அதட்டினேன்.

“அம்மா நேத்துலேந்து ஒண்ணும் துன்னல டீச்சர்.”

தாய் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்தபடி வெளியே நின்றுகொண்டிருந்தாள். மனம் இளகினால் எனக்குச் சத்தம் போடத்தான் தெரியும்.

“நீ எந்த வகுப்பு?”

“நான் எங்க படிச்சேன்?”

“அப்படியானால் ஒன்றாம் வகுப்பு. உட்கார்!”

மகளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கூழை நீட்டினேன். தொடவில்லை. “பாடம் ஆவட்டும்” என்றாள். ஒரு பலகையில் ‘அ’ எழுதிக் காட்டி அவளிடம் கொடுத்தேன். அவள் எழுதியது, படுத்துக் கிடக்கும் எருமை மாதிரி இருந்தது. கோணல் எழுத்துக்குக் குட்டு வைக்கிற நான், “ரொம்பச் சரி, குடி” என்றேன்.

அவள் மகளின் பலகையைப் பார்த்தாள், தன்னுடையதைப் பார்த்தாள்.

“பொய் சொல்றியே டீச்சர்” என்று முந்தானையால் அழித்தாள்.

மறுபடி எழுதினாள், அழித்தாள். கூழின் மேல் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. யாராவது அவள் கையைப் பிடித்து எழுதிவிட மாட்டார்களா என்று தவித்தேன். ஐந்தாவது தடவை எழுத்து நிமிர்ந்து நின்றது. தலையாட்டினேன். இந்த முறை பொய்யில்லை.

ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிண்ணத்தை என் முன்னால் நீட்டினாள்.

“இன்னும் கொஞ்சம் ஊத்து டீச்சர். அடுத்த எழுத்த அப்பாலிக்கா எழுதறேன். பசி தாங்கல.”