என்னைத் தலைவனாக்க ஆன ஒன்பது வருடங்கள்

நான் வேலை பார்த்த பிஸ்கட் கம்பெனி என்னைத் தலைவனாக்குவது என்று முடிவு செய்தபோது எனக்கு இருபத்தாறு வயது. மலையாளத்து எல்லைக்குள் எலப்புள்ளிப் பக்கம் இருந்த அந்தத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஜெனரல் மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்கிறவர் இல்லை. அதனால் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் சொன்னதோ வேறு. மேலதிகாரிகளை இனி வெளியிலிருந்து கொண்டுவரப் போவதில்லை, உள்ளே இருப்பவர்களையே வளர்க்கப் போகிறோம், இந்தத் தொழிற்சாலையிலிருந்து உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், இது பத்து வருடத் திட்டம் என்றார். மலையாளத்தில் கேட்டபோது அது இன்னும் கம்பீரமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அப்பா வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னேன்.

"தென்னங்கன்னே அஞ்சாறு வருசத்துல காச்சுருது. உனக்கெதுக்குடா பத்து வருசம்?" என்றார்.

அப்பாவுக்கு நவீன நிர்வாகம் தெரியாது என்று மனதுக்குள் அவரை மன்னித்துவிட்டேன்.

பயிற்சிகள் பெரும்பாலும் மலைமேல் சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டில் நடந்தன. பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக நாள் முழுக்கப் பயணம். கம்பெனியின் எல்லாக் கிளைகளிலிருந்தும் வந்த பன்னிரண்டு வருங்காலத் தலைவர்கள் ஒரே நிறத்தில் பனியன் போட்டுக்கொண்டு புல்தரையில் நிற்போம். குளிர்பானம் உறிஞ்சும் குழாய்களை அடுக்கிக் கோபுரம் கட்டினோம். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவரையொருவர் வழிநடத்தி, பூந்தொட்டியில் இடித்துக்கொண்டோம். ஒருநாள் நம்பிக்கைப் பயிற்சி. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாக விழ வேண்டும், மற்றவர்கள் தாங்கிப் பிடிக்க வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் தேயிலைச் சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். ஓரமாக நின்ற என்னிடம் ஒரு பெண் மெதுவாகக் கேட்டார்.

"என்ன சார், அந்த ஆளுக்கு மேலுக்கு முடியலையா?"

இல்லை, தலைவர்களாவதற்கான பயிற்சி என்றேன்.

"விழுகுறதுக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த செடிக்குப் போய்விட்டார்.

நான் மலையில் விழுந்துகொண்டிருந்த நாட்களில் கீழே என் ஷிஃப்டை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே. பேக்கிங்கில் ஒரு அக்கா இருந்தார். முதலமடையில் மாங்காய் தரம் பிரிக்கும் ஷெட்டில் பல வருடம் வேலை செய்துவிட்டு எங்களிடம் வந்தவர். பத்தாம் வகுப்பு வரை படித்தவர். முதல்முறை நான் கிளம்பியபோது புரொடக்‌ஷன் மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, மூன்று நாள்தான், சும்மா பார்த்துக்கொள் என்றார். அவரும், "நீங்க போயிட்டு வாங்க சார், நான் பாத்துக்கறனுங்க" என்று என்னிடம் சொன்னார்.

மூன்று நாள் பத்து நாளானது. பிறகு கொள்முதல் பிரிவில் ஆறு மாதம், கோயமுத்தூரில் வார வகுப்புகள், தலைமை அலுவலகத்தில் ஒரு மழைக்காலம் முழுவதும் என்று என் வளர்ச்சி வேகமெடுத்தது. ஒவ்வொரு முறையும் அந்த அக்கா பார்த்துக்கொண்டார். பதவியும் இல்லை, தனி நாற்காலியும் இல்லை. ஷிஃப்ட் புத்தகத்தில் எழுதுவதற்காக மலையாள எழுத்தைத் தன் மகளின் பள்ளிக்கூடப் புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். எந்தப் பெண்ணின் பஸ் எந்நேரம் வரும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப வரிசைகளை மாற்றினார். ஈரக்காற்று அடிக்கும் நாளில் மாவு எப்படி நடந்துகொள்ளும் என்று ஓவன் ஆபரேட்டரோடு நின்று பார்த்தார். நான் திரும்பி வரும்போதெல்லாம் ஷிஃப்ட் நான் விட்டுப்போனதைவிடக் கொஞ்சம் ஒழுங்காக இருக்கும். என் பயிற்சியின் பலன் தூரத்திலிருந்தே வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

கற்றதை அவரிடம் பரீட்சித்தும் பார்த்தேன். ஊழியரிடம் குறை சொல்லும்போது முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் இன்னொரு பாராட்டு என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். உங்கள் நேரந்தவறாமை அருமை, பேக்கிங் டேப் அதிகம் வீணாகிறது, உங்கள் சிரிப்பு எல்லோருக்கும் உற்சாகம் தருகிறது என்றேன். அவர் கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தார்.

"நடுவுல சொன்னது மட்டும்தானுங்களே சார் சொல்ல வந்தீங்க?"

ஆமாம் என்றேன்.

"செரிங்க. டேப்பைப் பாத்துக்கறேன்" என்று போய்விட்டார்.

ஒன்பதாவது வருடம், ஓணத்துக்கு முந்தைய வாரங்கள். ஆர்டர் குவிந்திருந்தது. இக்கட்டான நேரத்தில் முடிவெடுப்பது எப்படி என்ற பயிற்சியை முடித்துவிட்டு அந்தத் திங்கட்கிழமைதான் திரும்பியிருந்தேன். புதன்கிழமை மதியம் ஓவன் ஆபரேட்டர் ஓடிவந்து, இரண்டாவது பர்னர் பக்கம் கேஸ் வாசனை அடிக்கிறது என்றார். போய்ப் பார்த்தேன். லேசாக அடித்த மாதிரி இருந்தது, அடிக்காத மாதிரியும் இருந்தது. மீட்டர் முள் சரியான இடத்தில் நின்றது. ஓவன் ஒரு ரயில்பெட்டி நீளத்துக்கு மேல் இருக்கும். அதற்குள் பெல்ட்டில் பிஸ்கட் வெந்துகொண்டே நகரும். திடீரென்று நிறுத்தினால் உள்ளே இருப்பதெல்லாம் கரியாகிவிடும். அலுவலகத்தில் இருந்த புரொடக்‌ஷன் மேனேஜருக்கு போன் செய்தேன். நிறுத்தாதே, முதலில் நன்றாகப் பார் என்றார். நான் நன்றாகப் பார்த்தேன். பயிற்சியில் நான்கு கட்டம் போட்டு, அவசரமானது எது, முக்கியமானது எது என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். இது எந்தக் கட்டம் என்று சத்தியமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேட்டரின் முகத்தைப் பார்த்தோ என்னவோ, அக்கா பேக்கிங்கிலிருந்து வந்தார். ஓடவில்லை, நடந்துதான் வந்தார். ஒருமுறை மூச்சை இழுத்தார். ஓவனை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். வெளியே போய் கேஸ் வால்வை மூடிவிட்டு வந்து, பெண்களிடம் சுவிட்ச் எதையும் தொடாமல் பின்வாசல் வழியாகப் போகச் சொன்னார். சைக்கிள் ஷெட் அருகில் நிறுத்தி ஒவ்வொருவரையும் எண்ணினார். கடைசியாக, இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து, "நீங்களும் வாங்க சார்" என்றார். போனேன்.

புரொடக்‌ஷன் மேனேஜர் முகம் சிவக்க வந்து, யார் நிறுத்தியது என்று கேட்டார். அந்த ஷிஃப்டுக்குப் பொறுப்பு நான். நான்தான் என்று சொல்லியிருக்கலாம். நாங்கள்தான் என்றாவது சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. சில நொடிகள்தான் இருக்கும். இன்றும் அந்த நொடிகளை நினைத்தால் காது சூடாகிறது.

"நாந்தானுங்க" என்றார் அக்கா.

உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று மேனேஜர் கேட்டார்.

"நீங்கதானுங்க சார். ஒம்போது வருசமா, இந்த சார் ட்ரெயினிங் போறப்பெல்லாம் பாத்துக்கன்னு சொன்னீங்க. பாத்துக்கிட்டனுங்க."

குரலில் எதிர்ப்பு இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் கழித்து வந்த மெக்கானிக், பர்னருக்குப் போகும் குழாயின் இணைப்பில் விரிசலைக் கண்டுபிடித்தார். இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் என்று ஆரம்பித்தவர், சுற்றி நின்ற பெண்களைப் பார்த்துவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டார். புரொடக்‌ஷன் மேனேஜர் கரியான பிஸ்கட்டுகளைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்த வாரம் ஜெனரல் மேனேஜர் விசாரித்தபோது நடந்ததை நடந்தபடி சொன்னேன். நான் வாய் மூடி நின்றதையும் சொன்னேன். நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஷிஃப்ட் பொறுப்பை அந்த அக்காவுக்குக் கொடுங்கள் என்றேன். டிகிரி இல்லையே என்று தலைமை அலுவலகம் மூன்று மாதம் யோசித்தது. அதுவரை அவரையே பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். கடைசியில் உத்தரவு வந்தது. அந்த வருட அறிக்கையில் அக்காவின் படத்தை முழுப் பக்கத்தில் போட்டு, ஊழியர்கள் மீதான நமது நீண்டகால முதலீட்டின் பலன் என்று கீழே அச்சடித்திருந்தார்கள். ஒருநாள் பயிற்சிக்குக்கூட அனுப்பப்படாதவர் அவர். ஆனாலும் அந்த வரியில் பொய் இருப்பதாக என்னால் சொல்ல முடியவில்லை. அனுப்பப்பட்டவன் நான், வளர்ந்தவர் அவர். அறிக்கை எழுதியவருக்கு அந்தச் சின்ன வித்தியாசம் தெரியாமல் போனது, அவ்வளவுதான்.

எனக்குப் பயிற்சிப் பிரிவில் இடம் கொடுத்தார்கள். இத்தனை பயிற்சி எடுத்தவனை வேறு எங்கே வைப்பது?

அக்கா பொறுப்பேற்ற பிறகு ஒரு வழக்கம் கொண்டுவந்தார். மாதத்தில் ஒரு வாரம், பேக்கிங் பெண்களில் ஒருவரிடம் ஷிஃப்டை முழுசாகக் கொடுத்துவிட்டு, தான் போய் டேப் ஒட்ட உட்கார்ந்துவிடுவார். தப்பு நடந்தாலும் உடனே எழுந்து வரமாட்டார். சாயங்காலம் அந்தப் பெண்ணோடு பஸ் ஸ்டாப் வரை நடந்துபோவார். அங்கே என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாது. இந்தத் திட்டத்தின் பெயர், நோக்கம், கால அளவு ஆகியவற்றைப் படிவத்தில் நிரப்பி அனுப்பும்படி தலைமை அலுவலகம் என்னைக் கேட்டது. அவரிடம் போய்க் கேட்டேன். "பேரெல்லாம் என்னத்துக்குங்க?" என்றார். பெயர் இல்லாமல் அனுப்பினேன். படிவம் திரும்பி வந்தது.

போன வருடம், அவர் கூடவே இருந்து பழக்கிய பெண்களில் மிகக் கெட்டிக்காரியான ஒருத்தி கோயமுத்தூரில் வேறு கம்பெனிக்கு சூப்பர்வைசராகப் போய்விட்டாள். முதலீடு வீணாகிவிட்டதே என்று தலைமை அலுவலகத்திலிருந்து வருத்தம் தெரிவித்துக் கடிதம் வந்தது. அதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். அன்று மத்தியானம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, பாதி சாப்பிட்டுவிட்டு மூடி வைத்தார். அடுத்த திங்கட்கிழமை ஷிஃப்ட் புத்தகத்தைப் பார்த்தேன். அந்த வாரப் பொறுப்பு என்ற இடத்தில், சேர்ந்து நாலு மாதமே ஆன, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் ஒரு பெண்ணின் பெயரை எழுதிவிட்டு, அக்கா டேப் ஒட்ட உட்கார்ந்திருந்தார்.