கேளையாட்டுப் பொத்தான்

சோம்பலில் இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஏற்காட்டில் வனவிலங்குக் கண்காட்சிக்குப் போய், குழந்தைகளோடு வரிசையில் நின்று, கேளையாட்டுப் படத்துக்குக் கீழிருந்த பொத்தானை அமுக்கினேன். நாய் மாதிரிக் குரைத்தது அந்த மான்.

நாகலூர் எஸ்டேட்டிலிருந்து மூடுபனியில் திரும்பும்போது அப்பா இப்படித்தான் குரைத்துக்கொண்டே வருவார். சத்தம் கேட்டுக் காட்டெருமை விலகிப்போகும், அம்மா காப்பிக்குத் தண்ணீர் வைப்பாள்.

"ஏனுங்க, ஆடு ஊட்டுக்கு வந்திருச்சுங்களா?" என்பேன் நான். காதைத் திருகுவார்.

அவர் இறந்த வாரம் நிஜக் கேளையாடு ஒன்று குரைத்தது. அம்மா எழுந்து போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். அன்றைக்கு மட்டும் எனக்குக் கிண்டல் வரவில்லை.

"கொழந்தைங்களுக்கு உடுங்க," என்றார் கண்காட்சிக் காவலர். இன்னொரு தடவை அமுக்கிவிட்டுத்தான் நகர்ந்தேன்.

வெளியே வந்து, அப்பா இறந்த வாரம் எங்கள் வீட்டிலேயே இருந்த நண்பன் மாரிக்குப் போன் செய்தேன்.

"அம்மாவக் கூட்டியாந்து இதக் கேக்க வெக்கட்டுமாடா?"

"வேண்டாண்டா, மறுக்காத் தண்ணி வெச்சிரும்."